மருந்து அடித்தும் கிடக்கும் புழு: தோல் கழற்றும் ஓமோனும் அதன் வாங்கியும்

சோளக் குருத்துக்குள் படைப்புழுவைக் கண்டு மருந்து அடித்துவிட்டு, அடுத்த நாள் விடியப் போய்ப் பார்த்தால் புழு அப்படியே உயிரோடு கிடக்கிறது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, செட்டிகுளம் என்று வன்னியில் மேட்டுநிலத்தில் சோளம் போடுபவர்கள் இதைச் சொல்லிக் கவலைப்படுகிறார்கள். உடனே எடுக்கும் முடிவு, "மருந்து போலி". இன்னொரு பக்கம், "இது ஓமோன் மருந்தாம், ஸ்டீரொயிட் மாதிரி வேலை செய்யுமாம், அந்தச் சோளத்தைத் தின்றால் பிள்ளைகளுக்கு ஓமோன் குழம்பிவிடுமாம்" என்ற பேச்சும் கைத்தொலைபேசிகளில் சுற்றுகிறது. 2021 இல் விவசாய இரசாயனங்களுக்கு இறக்குமதித் தடை வந்து, கையில் கிடைத்ததை அடித்துப் பார்த்த காலத்துக்குப் பிறகு எந்தப் போத்தலையும் சந்தேகத்தோடு பார்ப்பதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் இந்த இரண்டு பேச்சில் முதலாவது பல நேரம் தவறான முடிவு. இரண்டாவதில் கால்வாசி உண்மை இருக்கிறது, அந்தக் கால்வாசிதான் ஆட்களைப் பயப்படுத்துகிறது.

இங்கே பேசுவது எல்லா மருந்தையும் பற்றி அல்ல. ரெபுபெனோசைட், மெதொக்சிபெனோசைட் போன்ற ஒரு வகையைப் பற்றி மட்டும்தான். இவை நரம்பைத் தாக்குவதில்லை. புழு தோல் கழற்றுவதற்கு அதன் உடம்பே அனுப்பும் கட்டளையைப் போலியாகக் கொடுக்கின்றன. அந்தக் கட்டளை என்ன, அது பரம்பரையலகுகளை (தமிழ்நாட்டில் மரபணு என்பார்கள்) எப்படித் திறந்து மூடுகிறது என்று தெரிந்தால், புழு ஏன் உடனே சாகவில்லை என்பதும் பிள்ளைகளைப் பற்றிய பயத்துக்கான பதிலும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

தோல் ஏன் ஒரு சிக்கல்

பூச்சிக்கு உள்ளே எலும்பு இல்லை. கைற்றினும் புரதமும் சேர்ந்து இறுகிய வெளி ஓடுதான் அதற்கு எலும்பு, அதைப் பாடப்புத்தகம் புறவன்கூடு என்கிறது. இந்த ஓடு ஓரளவுக்கு மேல் விரியாது, தலை ஓடு விரியவே விரியாது. படைப்புழுவோ முட்டையிலிருந்து வரும்போது 2 மில்லிமீற்றர் நீளம்கூட இல்லாமல் வந்து, மண்ணுக்குள் இறங்கும்போது 3 முதல் 4 சென்ரிமீற்றர் ஆகிவிடுகிறது. ஆகவே பழைய ஓட்டைக் கழற்றி எறிந்தால்தான் வளரலாம்.

வழக்கமாக அதற்கு ஆறு குடம்பிப் பருவங்கள் (குடம்பி என்றால் புழுப் பருவம்). ஐந்து முறை தோல் கழற்றினால் இன்னும் பெரிய புழு. ஆறாவது முறை கழற்றும்போது கூட்டுப்புழு, ஏழாவது முறை அந்து. பாலை மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில்வண்டின் வெறுங்கூட்டையும், குளத்தோரப் புல்லில் தொங்கும் தும்பியின் பழைய தோலையும் வன்னியில் பார்க்காத பிள்ளை இருக்காது. எல்லாம் இதே வேலைதான்.

கழற்றுவது என்றால் சட்டையைக் கழற்றுவது போல அல்ல. முதலில் தீனியை நிறுத்த வேண்டும். பழைய தோலுக்கு அடியில் புதிய தோலை மடித்து மடித்து நெய்ய வேண்டும், பழையதை உள்பக்கமாகக் கரைத்து அந்தச் சத்தைத் திரும்ப உறிஞ்ச வேண்டும், பிறகு காற்றை விழுங்கி உடம்பை உப்பவைத்துப் பழைய ஓட்டை வெடிக்கச்செய்து வெளியே வந்து, புதிய தோலை விரித்து இறுக்க வேண்டும். ஒரு படி முந்தினாலும் பிந்தினாலும் மரணம். உடம்பு முழுவதும் உள்ள கலங்கள் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் இதைச் செய்ய வேண்டும். அப்படியென்றால் நேரம் குறித்துக் கொடுக்க ஒருவர் வேண்டும்.

கட்டளை எங்கிருந்து வருகிறது

இதைத் தேடியவர்களின் முதற்கருவி ஒரு நூல்தான். போலந்து நாட்டு ஸ்டெஃபான் கோபெச் என்பவர் ஒரு அந்தின் புழுக்களை நடுவில் நூலால் இறுக்கிக் கட்டினார், சிலவற்றின் மூளையை எடுத்துவிட்டார். குறிப்பிட்ட நாளுக்கு முன் மூளையை எடுத்தால் புழு கூட்டுப்புழு ஆகவில்லை, அந்த நாளுக்குப் பிறகு எடுத்தால் ஆனது. மூளையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து போகிறது என்று 1917 இல் அவர் எழுதினார். பூச்சிக்கு ஓமோன் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்காத காலம் அது. 1935 இல் கோட்ஃபிரைட் ஃபிரான்கெல் ஈயின் புழுவைக் கட்டிப் பார்த்தார். கட்டுக்கு முன்பக்கம் கூட்டுப்புழுவாக இறுகியது, பின்பக்கம் புழுவாகவே கிடந்தது. 1940 இல் ஜப்பானின் சோயிச்சி ஃபுக்குடா, பட்டுப்புழுவின் முன்மார்பில் இருக்கும் ஒரு சிறு சுரப்பிதான் அந்த இடம் என்று காட்டினார். மூளை அந்தச் சுரப்பிக்குச் சொல்கிறது, சுரப்பி உடம்புக்குச் சொல்கிறது.

சரி, அது என்ன பொருள்? ஜேர்மனியில் அடோல்ஃப் பூட்டெனான்ட், பீற்றர் கார்ல்சன் இருவரும் 500 கிலோகிராம் பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களை அரைத்துப் பிரித்து, 1954 இல் 25 மில்லிகிராம் பளிங்கை எடுத்தார்கள். அரைத் தொன் கூட்டுப்புழுவிலிருந்து ஒரு அரிசிமணியின் எடை. அதற்கு எக்டைசோன் என்று பெயர். அதன் கட்டமைப்பு முழுவதும் தெரிய மேலும் பதினொரு வருடம் பிடித்தது, 1965 இல் தெரிந்தபோது அது ஒரு ஸ்டீரொயிட்.

ஸ்டீரொயிட் என்றவுடன் உடம்பு பெருக்கும் ஊசி ஞாபகம் வரும். இரசாயனத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம், நான்கு வளையங்கள் ஒட்டிய ஒரு கட்டமைப்பு, அவ்வளவுதான். கொலஸ்திரோல் அந்தக் குடும்பம், நம் உடம்பின் கோர்ட்டிசோல், ஈஸ்திரோஜன், ரெஸ்ரோஸ்திரோன் எல்லாம் அந்தக் குடும்பம். பூச்சிக்கு ஒரு குறை உண்டு: கொலஸ்திரோலைத் தானாகச் செய்ய அதற்குத் தெரியாது, தின்பதிலிருந்துதான் எடுக்க வேண்டும். உங்கள் சோளக் குருத்தைத் தின்னும் புழு, தோல் கழற்றும் கட்டளைக்கான மூலப்பொருளையும் அந்தக் குருத்திலிருந்தே எடுக்கிறது.

சுரப்பி விடும் எக்டைசோன், உடம்பின் மற்றக் கலங்களுக்குப் போனதும் அங்குள்ள ஒரு நொதியத்தால் சற்று மாற்றப்பட்டு 20-ஹைட்ரொக்சி எக்டைசோன் ஆகிறது. உண்மையில் வேலை செய்வது இதுதான். இனிமேல் "ஓமோன்" என்றால் இதைத்தான் சொல்கிறேன்.

ஊசி போட்டு அரை மணிக்குள் வீங்கிய நிறமூர்த்தம்

1960 இல் உல்ரிச் கிளெவர் என்பவரும் அதே கார்ல்சனும் செய்த பரிசோதனை, இந்தத் துறையிலேயே மிக அழகானது என்பது என் எண்ணம். கடியாத ஒரு வகைக் கொசுவின் புழுவுக்கு உமிழ்நீர்ச் சுரப்பியில் நிறமூர்த்தங்கள் (பரம்பரையலகுகளைத் தாங்கும் டி.என்.ஏ நாடாக்கள்) மிகப் பெரியவை, சாதாரண நுணுக்குக்காட்டியில் பட்டை பட்டையாகத் தெரியும். ஒவ்வொரு பட்டையும் டி.என்.ஏ நாடாவில் ஓரிடம். அந்தப் புழுவுக்கு எக்டைசோனை ஊசியால் ஏற்றினார்கள். அரை மணி நேரம் போகவில்லை, ஒரு குறிப்பிட்ட பட்டை பொங்கி வீங்கியது. சிறிது நேரத்தில் இன்னொன்று. வீங்கிய இடத்தில் டி.என்.ஏ தளர்ந்து, பரம்பரையலகு படிக்கப்பட்டு, அதன் பிரதியான ஆர்.என்.ஏ உருவாகிக்கொண்டிருந்தது.

ஒரு ஓமோன் நேராகப் பரம்பரையலகை எழுப்புகிறது என்பதைக் கண்ணால் பார்த்த முதல் சந்தர்ப்பம் இது. மனிதரின் ஸ்டீரொயிட் ஓமோன்கள் எப்படி வேலை செய்கின்றன என்ற கேள்விக்கும் வழி காட்டியது இந்தக் கொசுப்புழுதான்.

பிறகு மைக்கேல் ஆஷ்பர்னரும் அவருடன் இருந்தவர்களும் பழஈயில் இதையே மணிக்கணக்காக எண்ணிப் பார்த்தார்கள். ஓமோன் வந்த சில நிமிடங்களில் ஒரு ஆறு இடங்கள் வீங்குகின்றன, சில மணி நேரத்தில் அவை அடங்கி, நூறு வரையான வேறு இடங்கள் வீங்குகின்றன. கலம் புதிய புரதம் எதையும் செய்யாதபடி தடுத்துவிட்டால் முதல் ஆறும் வீங்குகின்றன, ஆனால் அடங்கவில்லை. அடுத்த நூறு வரவும் இல்லை. இதிலிருந்து 1974 இல் அவர்கள் வந்த முடிவு இதுதான்:

1. ஓமோன் ஒரு வாங்கியுடன் (தன்னை ஏற்றுக்கொள்ளும் புரதத்துடன்) சேர்ந்து சில "முந்திய" பரம்பரையலகுகளை நேராகத் திறக்கிறது.
2. அவற்றிலிருந்து வரும் புரதங்கள் "பிந்திய" பரம்பரையலகுகளைத் திறக்கின்றன.
3. அதே புரதங்கள் திரும்பி வந்து, தங்களைப் பிறப்பித்த முந்திய பரம்பரையலகுகளை மூடுகின்றன.

வாங்கியை யாரும் கையில் பிடிக்காத காலத்தில், வீக்கங்களை எண்ணியே சொன்ன முடிவு. பதினேழு வருடம் கழித்து, 1991 இல், ஸ்ரான்ஃபோர்டில் டேவிட் ஹொக்னெஸ் ஆய்வகம் அந்த வாங்கியின் பரம்பரையலகைப் பிரித்தெடுத்தபோது அடிப்படை அப்படியே நின்றது.

வாங்கி: கதவடியில் நிற்கும் ஆள்

வாங்கி என்றால் ஓமோனை ஏற்றுக்கொள்ளும் புரதம். இன்சுலின் போன்ற ஓமோன்களுக்கு வாங்கி கலத்தின் வெளிச்சுவரில் இருக்கும். எக்டைசோனின் வாங்கி அப்படியில்லை. அது உள்ளே, கலத்தின் கருவுக்குள், டி.என்.ஏயின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தனியாகவும் இல்லை, எக்டைசோன் வாங்கி, அல்ட்ராஸ்பிராக்கிள் என்று இரண்டு புரதம் சோடியாகத்தான் வேலை. எக்டைசோன் வாங்கியின் ஒரு பக்கத்தில் டி.என்.ஏயைப் பிடிக்கும் விரல் போன்ற பகுதி, மறுபக்கத்தில் ஓமோன் நுழையும் பை.

ஓமோன் இல்லாத நேரத்தில் இந்தச் சோடி சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. குளத்துத் துருசுக் கதவை நினைத்துப் பாருங்கள். கதவு தானாக மூடிக் கிடக்கவில்லை, ஒரு ஆள் நின்று அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் விடச் சொல்லிக் கடிதம் வந்ததும் அதே ஆள்தான் திறக்கிறார். வாங்கியும் அப்படித்தான், மூடி வைப்பதும் அதுவே, திறப்பதும் அதுவே. படிப்படியாகச் சொன்னால்:

1. ஓமோன் இல்லாதபோது வாங்கிச் சோடி, அடக்கும் புரதங்களைத் தன்னோடு சேர்த்து வைத்திருக்கிறது. அவை அந்த இடத்து டி.என்.ஏயை அதன் சுருளைப் புரதங்களில் இறுகச் சுற்றி வைக்கின்றன. படிக்கும் நொதியம் உள்ளே வர முடியாது.
2. ஓமோன் கலத்துக்குள் வருகிறது. ஸ்டீரொயிட் என்பதால் எந்தச் சுவரையும் தானாகக் கடந்துவிடும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள், பழஈயில் அதை உள்ளே கொண்டுவர ஒரு தனிக் கடத்தி தேவை என்று 2018 இல் தெரியவந்தது.
3. ஓமோன் வாங்கியின் பைக்குள் அமர்ந்ததும் வாங்கியின் வடிவம் மாறுகிறது. அதன் நுனியில் உள்ள ஒரு சுருள், மூடியைப் போல மடிகிறது.
4. வடிவம் மாறியதால் அடக்கும் புரதங்கள் விழுந்துவிடுகின்றன, அந்த இடத்தைத் தூண்டும் புரதங்கள் பிடிக்கின்றன. டி.என்.ஏ தளர்கிறது, படிப்பு தொடங்குகிறது.

அப்படித் திறக்கும் முந்திய பரம்பரையலகுகளுக்கு ஈ74, ஈ75, புரோட் என்று பெயர்கள். இவற்றின் புரதங்கள் தோலையோ தசையையோ கட்டுவதில்லை. இவையும் கதவடி ஆட்களே, போய் வேறு கதவுகளைத் திறந்து மூடுகின்றன. துருசிலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து வயல் என்று போவதைப் போல.

இந்த வரிசையில் நான் மிக முக்கியம் என்று நினைக்கும் ஒரு படி இருக்கிறது, பலரும் அதை ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். சில பரம்பரையலகுகள் ஓமோன் ஏறும்போது திறப்பதில்லை. ஏறிய ஓமோன் திரும்ப இறங்கும்போதுதான் திறக்கின்றன. எஃப்.டி.இசட்-எஃப்1 என்பது அவற்றில் ஒன்று. ஓமோன் நிற்கும்வரை அது மூடியே இருக்கும், இறங்கியதும் சில மணி நேரம் திறந்து, தோல் கழற்றலின் கடைசிப் பகுதியை நடத்தும். புதிய தோலை இறுகச்செய்யும் நொதியமும் ஓமோன் இறங்கிய பிறகுதான் உருவாகிறது. பழைய ஓட்டை உடைத்து வெளியே வரச் சொல்லும் இன்னொரு ஓமோனும் அப்படியே, எக்டைசோன் இறங்கும்வரை வெளியே விடப்படுவதில்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது ஒரு வேலை, அறுவடைக்கு முன் தண்ணீரை வடிப்பதும் ஒரு வேலை. வடியாத வயலில் எதை அறுப்பது?

இதை ஞாபகத்தில் வைத்திருங்கள். மருந்து கொல்வது இந்த இடத்தில்தான்.

ஒரே ஓமோன், ஆனால் ஒரு கலம் சாகிறது, ஒரு கலம் சிறகாகிறது

கூட்டுப்புழுவுக்குள் நடப்பதைப் பார்த்தால், ஒரே ஓமோன் ஒரே இரத்தத்தில் ஓடுகிறது. ஆனால் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது, இவ்வளவு நாளும் சிறு தட்டாக மடிந்து கிடந்த கலங்கள் சிறகாகவும் காலாகவும் விரிகின்றன. கட்டளை ஒன்று, பொருள் வேறு.

ஒரு காரணம், வாங்கியிலேயே வகைகள் உண்டு. பழஈயில் எக்டைசோன் வாங்கி ஏ, பி1, பி2 என்று மூன்று வடிவத்தில் வருகிறது. ஒரே பரம்பரையலகிலிருந்துதான் மூன்றும், தொடக்கப் பகுதி மட்டும் வேறு. உருமாற்றம் தொடங்கும்போது சிறகாகப் போகும் தட்டுகளில் ஏ வடிவம் கூடுதல், புழுவோடு அழிந்துபோகும் கலங்களில் பி1 கூடுதல். இன்னொரு காரணம், ஒவ்வொரு கலமும் தன் பழைய வரலாற்றால் எந்த டி.என்.ஏப் பகுதியைத் திறந்த நிலையில் வைத்திருக்கிறது, எதை இறுகப் பூட்டியிருக்கிறது என்பது.

மூன்றாவது காரணம் பெரியது, அது இளமை ஓமோன். இது ஸ்டீரொயிட் அல்ல, வாங்கியும் வேறு. 1930களில் வின்சென்ட் விகிள்ஸ்வேர்த் இரத்தம் குடிக்கும் ஒரு மூட்டுப்பூச்சி இனத்தில் இதைக் கண்டார். இளமை ஓமோன் இரத்தத்தில் இருக்கும்போது எக்டைசோன் வந்தால் புழு தோல் கழற்றிப் பெரிய புழுவாகும். இளமை ஓமோன் இல்லாதபோது எக்டைசோன் வந்தால் உருமாற்றம். எக்டைசோன் "கழற்று" என்று சொல்கிறது, என்னவாகக் கழற்றுவது என்பதை இளமை ஓமோன் தீர்மானிக்கிறது. உள்ளே பார்த்தால் மூன்று பரம்பரையலகுகள் பங்கு போட்டிருக்கின்றன: கே.ஆர்-எச்1 புழுவாகவே வைத்திருக்கிறது, புரோட் கூட்டுப்புழு ஆக்குகிறது, ஈ93 நிறைவுடலி ஆக்குகிறது (நிறைவுடலி என்றால் சிறகு முளைத்த முழுப் பூச்சி).

இளமை ஓமோனைப் பற்றி ஒரு கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. செக் நாட்டு ஆய்வாளர் கரெல் ஸ்லாமா, தான் வளர்த்த வேறொரு மூட்டுப்பூச்சி இனத்தோடு அமெரிக்காவில் கரோல் வில்லியம்ஸின் ஆய்வகத்துக்குப் போனார். ஊரில் ஒழுங்காக வளர்ந்த பூச்சிகள் அங்கே முழுப் பூச்சியாக மாற மறுத்தன, திரும்பத் திரும்பப் பெரிய குஞ்சாகவே தோல் கழற்றிச் செத்தன. தீனி, தண்ணீர், வெளிச்சம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் கடைசியில் பிடிபட்டது, கூட்டின் அடியில் விரித்த காகிதம். அமெரிக்கக் காகிதத்துக்கு மரக்கூழ் கொடுத்த ஒரு ஊசியிலை மரத்தில், அந்தப் பூச்சியின் இளமை ஓமோனைப் போல வேலை செய்யும் பொருள் இருந்தது. 1965 இல் அதை எழுதினார்கள். பூச்சியின் ஓமோனைப் பின்பற்றும் பொருளைச் செடிகொடிகளும் செய்துவைத்திருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த சில வருடங்களில் எக்டைசோனைப் போன்ற பொருட்களும் பன்னங்களிலும் வேறு செடிகளிலும் அடுக்கடுக்காகக் கிடைத்தன. ஸ்பினாச் கீரையில் 20-ஹைட்ரொக்சி எக்டைசோனே இருக்கிறது.

மருந்து செய்வது என்ன

ரெபுபெனோசைட் வகை மருந்துகள் ஸ்டீரொயிட்டே அல்ல. அவற்றில் நான்கு வளையம் இல்லை. ஆனால் புழுவின் எக்டைசோன் வாங்கியில் அந்தப் பைக்குள் போய் அமர்ந்து, ஓமோன் வந்துவிட்டது போல அதன் வடிவத்தை மாற்றுகின்றன. இந்த வகையின் முதற் பொருள் இப்படி வேலை செய்கிறது என்பது 1988 இல் வெளிவந்தது.

புழு இலையோடு சேர்த்து மருந்தைத் தின்கிறது. சில மணி நேரத்தில், நாள் கணக்கில் பிறகு வர வேண்டிய கட்டளை இப்போதே வந்துவிடுகிறது. தீனி நிற்கிறது. பழைய தோல் உள்ளே பிரிகிறது, அடியில் அரைகுறையாகப் புதிய தோல் போடப்படுகிறது, தலை ஓடு கழன்று முன்னுக்கு நகர்கிறது. இதுவரை ஓமோன் ஏறியபோது நடக்கும் வேலைகள். இனி ஓமோன் இறங்க வேண்டும். புழுவின் சொந்த ஓமோன் என்றால் உடம்பு அதை விரைவில் சிதைத்து இறக்கிவிடும். மருந்தை அப்படிச் சிதைக்க முடியவில்லை, அது பையை விட்டுப் போகாமல் நிற்கிறது. எஃப்.டி.இசட்-எஃப்1 திறக்கவில்லை. தோலை இறுக்கும் நொதியம் வரவில்லை. வெளியே வரச் சொல்லும் ஓமோன் விடப்படவில்லை. பழைய ஓட்டை உடைக்கவும் முடியாமல், வாயும் அதற்குள் மாட்டிக்கொண்டு தின்னவும் முடியாமல், இரண்டு தோலுக்குள் அடைபட்டுப் பட்டினியாலும் நீர் இழப்பாலும் இரண்டு முதல் ஐந்து நாளில் சாகிறது.

ஆக, அடுத்த நாள் விடிய நீங்கள் பார்ப்பது உயிரோடு இருக்கும் புழுவைத்தான். ஆனால் அது இனித் தின்னாது.

எல்லாப் பூச்சியையும் ஏன் கொல்லவில்லை? எக்டைசோன் எல்லாப் பூச்சிக்கும் பொது, வாங்கியின் பை மட்டும் இனத்துக்கு இனம் சற்று வித்தியாசம். 2003 இல் ஒரு அந்தின் வாங்கியைப் பளிங்காக்கிப் பார்த்தபோது, ஓமோன் இருக்கும்போது பைக்கு ஒரு வடிவம், இந்த வகை மருந்து இருக்கும்போது வேறு வடிவம் என்று தெரிந்தது. மருந்துக்கு இடம் கொடுக்கும் அந்த வளைவு, அந்து, வண்ணத்துப்பூச்சி வகைகளின் வாங்கிக்குத்தான் நன்றாக வரும். அதனால் நெல்லில் கபிலத் தத்திக்கு இதை அடிப்பது காசை வாய்க்காலில் விடுவதுதான். தத்திக்கு அடிக்கும் புப்ரோபெசினும் தோல் கழற்றலைக் கெடுக்கும் மருந்துதான், ஆனால் அது கைற்றின் செய்வதைத் தடுக்கிறது, வாங்கியைத் தொடுவதில்லை; இரண்டையும் ஒன்றென்று குழப்பக் கூடாது. பாலைப் பூக்காலத்தில் காட்டுத்தேன் எடுக்கும் ஊர்களில் தேனீயைப் பற்றிக் கேட்பார்கள்: வளர்ந்த தேனீக்கு இந்த வகையின் நஞ்சு குறைவு, நரம்பைத் தாக்கும் பல மருந்துகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

மனிதருக்கு ஓமோன் குழம்புமா

கால்வாசி உண்மை என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். நமக்கும் பூச்சிக்கும் இந்த வாங்கிகள் ஒரே குடும்பம். மனிதரில் இந்தக் குடும்பத்தில் 48, பழஈயில் 21. நம் கோர்ட்டிசோலின் வாங்கி, ஈஸ்திரோஜனின் வாங்கி எல்லாம் இதே முறையில் டி.என்.ஏயைப் பிடித்துக் கதவைத் திறப்பவை. முட்டுக்காரருக்கு (ஆஸ்துமா உள்ளவருக்கு) கொடுக்கும் பிரெட்னிசொலோன் குளிசை உடனே வேலை செய்யாமல் சில மணி நேரம் எடுப்பதற்கும் காரணம் இதுவே: பரம்பரையலகு திறந்து, பிரதி எடுத்து, புரதம் ஆகி வர நேரம் வேண்டும். பூச்சியின் அல்ட்ராஸ்பிராக்கிளுக்கு நேர் உறவான ஒரு புரதமும் நம் கலங்களில் இருக்கிறது.

ஆனால் எக்டைசோன் வாங்கி நமக்கு இல்லை. எக்டைசோனையும் நம் உடம்பு செய்வதில்லை. இதை நம்பித்தான் 1996 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பூச்சியின் வாங்கியைப் பாலூட்டிக் கலங்களுக்குள் வைத்து, வேண்டும்போது ஒரு பரம்பரையலகைத் திறக்கும் ஆளியாக (சுவிச்சாக) பயன்படுத்தினார்கள். பூச்சி ஓமோனைக் கொடுத்தால் நாம் வைத்த கதவு மட்டும் திறக்கும், பாலூட்டியின் சொந்தக் கதவுகள் அசையாது என்பதே அந்த முறையின் அடிப்படை. பூச்சியின் கட்டளை நம் கலத்துக்குப் புரியாது.

இதை வைத்துக்கொண்டு முகமூடி இல்லாமல் அடிக்கலாம், அடித்த அடுத்த நாள் குலை முறிக்கலாம் என்று யாரும் எடுக்கக் கூடாது. போத்தலில் மருந்து மட்டும் இல்லை, அதைக் கரைத்து வைக்கும் வேறு பொருட்களும் உண்டு. சுட்டுத்துண்டில் போட்ட அளவும் இடைவெளி நாளும் அதையெல்லாம் சேர்த்துப் போட்டவை.

என் கவலை வேறு பக்கம். இறாலும் நண்டும் தோல் கழற்றுவது இதே 20-ஹைட்ரொக்சி எக்டைசோனால்தான். நந்திக்கடலிலும் கொக்கிளாயிலும் இறாலை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது! ரெபுபெனோசைட் வகை இறாலின் வாங்கியில் நன்றாக ஒட்டுவதில்லை என்பது ஆறுதல், ஆனால் கைற்றினைத் தடுக்கும் மருந்துகளில் டைஃபுளுபென்சுரோன் போன்றவை இறால் நண்டு வகைக்கு மிகக் கொடியவை. பொதுவாகப் "புழு மருந்து" என்ற பெயரில் எல்லாத் தாங்கியும் ஒரே வாய்க்காலில் கழுவப்படுகிறது. தாங்கியை மேட்டில், பயிரில்லாத இடத்தில் கழுவ வேண்டும்.

கொசுவிலும் இதே வாங்கி

வளர்ந்து முடிந்த பூச்சிக்கு இனித் தோல் கழற்றும் வேலை இல்லை, ஆனால் ஓமோனும் வாங்கியும் ஓய்வதில்லை. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் பெண் கொசு இரத்தம் குடித்ததும் அதன் சூலகம் எக்டைசோனை விடுகிறது, கொழுப்புடலில் உள்ள வாங்கி முட்டை மஞ்சட்கருப் புரதத்தின் பரம்பரையலகைத் திறக்கிறது. புழுவில் தோலுக்கான கட்டளை, கொசுவில் முட்டைக்கான கட்டளை. ஆபிரிக்காவில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் இனம் ஒன்றில் ஆண் கொசுவே இந்த ஓமோனைச் செய்து கூடும்போது பெண்ணுக்குக் கொடுக்கிறது. இலங்கை 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. காய்ச்சலோடு காடு கடந்த வன்னிக்காரருக்கு அந்த அறிவிப்பின் பெறுமதி தெரியும். கொசு போய்விடவில்லை, ஒட்டுண்ணிதான் இல்லை. ஆகவே இந்த ஆய்வுகள் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

வயலில் இதன் அர்த்தம்

மருந்து வேலை செய்யும் முறை தெரிந்தால் அடிக்கும் முறையும் மாற வேண்டும்.

1. புழு தின்றால்தான் மருந்து உள்ளே போகும். குருத்து அடிவரை ஈரம் படாமல் மேலால் தூவிவிட்டுப் போனால் பயன் இல்லை.
2. சின்னப் புழுவில் அடிக்க வேண்டும். இலையில் கண்ணாடி போலச் சுரண்டிய தடம் தெரியும் நேரம் சரியான நேரம். குருத்தில் மரத்தூள் போல எச்சம் குவிந்த பிறகு உள்ளே இருப்பது ஐந்தாம் ஆறாம் பருவப் புழு, அது குருத்துக்குள் ஆழமாக இருக்கும், சாகும்முன் தின்னும் அளவும் கூட.
3. அடுத்த நாளே வேறு மருந்தைக் கலந்து திரும்ப அடிப்பதுதான் பெரிய நட்டம். காசு போவது மட்டும் அல்ல, புழுவைத் தின்ன வரும் பொறிவண்டும் குளவியும் இரண்டாவது மருந்தில் செத்துவிடும்.
4. ஒரே வகையைப் போகத்துக்குப் போகம் அடிக்கக் கூடாது. பையின் வடிவம் ஒரு சிறு இடத்தில் மாறிய புழுவும், மருந்தை உடைக்கும் நொதியம் கூடிய புழுவும் தப்பி முட்டையிடும். படைப்புழுவின் நெருங்கிய உறவான பீற் படைப்புழுவில் இந்த வகைக்கு எதிர்ப்பு ஏற்கனவே பதிவாகியிருக்கிறது. வேலை செய்யும் முறையை வைத்துப் பிரித்த பட்டியலில் இந்த வகைக்கு 18 ஆம் எண். போத்தலில் அந்த எண் இருந்தால், அடுத்த முறை வேறு எண்ணாக எடுங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கும்போதும் மருந்தின் வர்த்தகப் பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

இனி, மருந்து போலியா இல்லையா என்ற முதற் கேள்வி. அடித்து ஒரு நாள் கழித்துச் செத்த புழுவை எண்ண வேண்டாம். பத்துச் செடியின் குருத்தில் பழைய எச்சத்தைத் தட்டிவிட்டு, அடுத்த நாள் புதிய எச்சம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் தீனி நின்றுவிட்டது. இரண்டாம் மூன்றாம் நாளில் ஒரு புழுவை எடுத்துக் கைவில்லையால் தலையைப் பாருங்கள். படைப்புழுவின் நெற்றியில் தலைகீழான ஆங்கில வை (Y) எழுத்துப் போல ஒரு கோடு இருக்கும், அந்த ஓடு வாய்ப் பக்கம் சரிந்து, அதன் பின்னால் வெளிறிய இன்னொரு தலை பிதுங்கித் தெரிந்தால், ஒரு புழுவில் இரண்டு தலை ஓடு இருந்தால், அது வாங்கியைப் பிடித்த மருந்து. மூன்று நாளாகியும் தலை ஓடு ஒன்றாகவே இருந்து எச்சமும் புதிதாக விழுந்துகொண்டிருந்தால், அப்போது போத்தலையும் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போகலாம்.